கடைக்கு ஒப்பந்தம்! குமருக்கு வெற்றுத்தாளா?



பத்துக்குப் பத்து அளவில் ஒரு கடையை வாடகைக்கு எடுக்கிறீர்கள். பதினோரு மாத ஒப்பந்தம் எழுதுகிறீர்கள். அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், கரண்ட் பில் யார் கட்டுவது... அத்தனையும் பத்திரத்தில் ஏறுகிறது. கூடப்பிறந்த அண்ணனோடு கூட்டு வியாபாரம் என்றாலும், பிரிந்தால் கணக்கு எப்படி என்று எழுதாமல் நீங்கள் முதல் போடுவதில்லை.

அதே நீங்கள், பெற்று வளர்த்த மகளை ஒருவர் கையில் ஒப்படைக்கும் நாளில் என்ன எழுதுகிறீர்கள்? தஃப்தரில் மாப்பிள்ளை பெயர், பெண்ணின் பெயர், வலீ, இரண்டு சாட்சிகள், 'மஹர் ரூபாய் 1001'. முடிந்தது! துஆ ஓதி, பிரியாணி சாப்பிட்டுக் கலைந்து விடுகிறோம்.

கேட்டால், "கல்யாணத்தில் எதற்கு நிபந்தனை? நம்பிக்கை இல்லையா?" என்கிறீர்கள்.

திருமறையிலேயே மிக நீளமான வசனம் எது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் 2:282 வசனம்தான். அது ஈமான் கொண்டவர்களைப் பார்த்துத்தான் பேசுகிறது. நபித்தோழர்களுக்கு ஒருவர் மீது ஒருவர் நம்பிக்கை இல்லாமலா எழுதச் சொன்னான் அல்லாஹ்? நிக்காஹ்வை உறுதியான உடன்படிக்கை என்கிறது 4:21 வசனம். நபிமார்களிடம் அல்லாஹ் எடுத்த வாக்குறுதிக்கும் (33:7) அதே சொல்தான் வருகிறது. அவ்வளவு கனமான உடன்படிக்கைக்கு நாம் தரும் மதிப்பு ஆயிரத்து ஒரு ரூபாயும் அரைப் பக்கமும்தானா?

நிறைவேற்றத் தகுந்த நிபந்தனைகளில் முதலிடம் திருமண நிபந்தனைகளுக்கே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. மனைவியை அவளுடைய வீட்டிலேயே வைத்திருப்பேன் என்று ஒப்புக்கொண்டு மணந்தவர் பிறகு மாற நினைத்தபோது, உமர் (ரலி) பெண்ணின் பக்கமே தீர்ப்பளித்தார்கள். நம் வீட்டுப் பெண் வாய் திறந்து ஒரு நிபந்தனை கேட்டால் மட்டும் 'அடங்காதவள்' என்று பட்டம் கட்டுகிறோம்!

சரி, ஒரு பெண் எதையெல்லாம் யோசித்து எழுத வேண்டும்? மகளைப் பெற்றவர்களே, உங்கள் மகளிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஒன்று, மஹர். மஹர் அவளுடைய உரிமை. தகப்பனாருக்கோ ஜமாஅத்துக்கோ அதில் பங்கில்லை. ரூபாயாக எழுதினால் இருபது வருடத்தில் அதன் மதிப்பு தேய்ந்து விடும். தங்கமாக, கிராம் கணக்கில் எழுதுங்கள். உடனே தருவது எவ்வளவு, பின்னால் தருவது எவ்வளவு, எப்போது என்று பிரித்து எழுதுங்கள். பாக்கி மஹர் கணவனின் கடன். அவன் மவ்த்தானால் வாரிசுகள் பங்கு பிரிக்கும் முன் தீர்க்க வேண்டிய கடன்.

இரண்டு, நகையும் சீரும். தலாக் ஆன ஒரு பெண்ணுக்காக ஒரு பஞ்சாயத்தில் உட்கார்ந்தேன். "நாற்பது பவுன் போட்டோம்" என்றார் தகப்பனார். "பதினைந்துதான்" என்றார்கள் எதிர்த்தரப்பில். ஒரு துண்டுச் சீட்டு கிடையாது! திருமணத்தின்போதும் முன்னும் பின்னும் அவளுக்குத் தரப்பட்ட பொருள்கள் அவளுக்கே என்று 1986-ம் ஆண்டுச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. ஆனால் தரப்பட்டதற்கு அத்தாட்சி வேண்டாமா? எடையோடு பட்டியல் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். கைக்கூலியை மட்டும் எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது. ஏனென்றால் அது ஹராம், 1961-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் கூட. மஹர் வரதட்சணை ஆகாது என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

மூன்று, படிப்பு, வேலை, குடியிருப்பு. பாதியில் நிற்கும் படிப்பை முடிக்க விடுவாரா? மாப்பிள்ளை வெளிநாடு போனால் அவள் எங்கே இருப்பாள், மாதச் செலவுக்கு யார் அனுப்புவது? அவள் சம்பாதித்தது அவளுக்கே (4:32). இதையும் எழுதுங்கள்.

நான்கு, தலாக்கும் மறுமணமும். ஒரே மூச்சில் முத்தலாக் சொல்ல மாட்டேன் என்று எழுதி வாங்குங்கள். இரண்டாம் திருமணம் செய்தால் முதல் மனைவி விலகிக் கொள்ளலாம் என்ற நிபந்தனை ஹன்பலி மத்ஹபில் செல்லும். உஸ்மானியப் பேரரசு 1917-ல் அதைச் சட்டமாகவே ஆக்கியது. ஹனஃபி மத்ஹபில் கணவன் தன் தலாக் உரிமையை மனைவியிடம் ஒப்படைக்கும் 'தஃப்வீள்' உண்டு. அதைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 1950-லேயே ஏற்றிருக்கிறது. "நாங்கள் ஷாபிஈ" என்கிறீர்களா? மலேசியாவும் ஷாபிஈதான். அங்கே நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை 'தஃலீக்' வாசித்துக் கையெழுத்திடுகிறார். செலவுக்குக் கொடுக்காமல் மாதக்கணக்கில் கைவிட்டால் மனைவி ஷரீஅத் நீதிமன்றத்தில் முறையிட்டு விடுதலை பெற அது வழி செய்கிறது.

ஐந்து, எழுதக் கூடாதவை. ஜீவனாம்சம் கேட்க மாட்டேன், மஹரை இப்போதே மன்னித்து விட்டேன் என்று யாராவது தாளை நீட்டினால், சகோதரியே, கையெழுத்துப் போடாதே! ஏற்கனவே இருக்கும் மனைவியை விலக்கினால்தான் வருவேன் என்று நீயும் நிபந்தனை போடாதே. நபி (ஸல்) அவர்கள் தடுத்தது அது.

வாலிபத் தம்பிகளே! "ஷரீஅத்தில் கை வைக்காதே" என்று ஊர் ஊராகக் கோஷம் போடுகிறோம். போடத்தான் வேண்டும். ஆனால் ஷரீஅத் நம் பெண்களுக்குக் கொடுத்ததை நாம் கொடுத்தோமா? மாதிரி நிக்காஹ்நாமாவை முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் 2005-ல் போபாலில் வெளியிட்டது. உங்கள் மஹல்லா தஃப்தரில் அது ஏறியதா? முத்தலாக்கைத் தவிர்க்கும் நிபந்தனையை எழுதும்படி காஜிகளுக்கு அறிவுறுத்துவோம் என்று 2017-ல் உச்சநீதிமன்றத்தில் வாரியம் சொன்னது. வழக்கு வாசலுக்கு வந்த பிறகுதானா அந்த நினைவு வர வேண்டும்? அதே ஆண்டு தீர்ப்பு வந்தது. 2019-ல் மூன்று வருடம் வரை சிறை என்ற சட்டம் வந்தது. 2025 ஜனவரியில் உத்தரகாண்டில் பொது சிவில் சட்டமே அமலுக்கு வந்து விட்டது. நாம் காலியாக விட்ட பக்கத்தில் அடுத்தவன் எழுதுகிறான். பிறகு பேனாவைப் பிடுங்கி விட்டான் என்று அழுது என்ன பயன்?

பெரிய செலவு இல்லை. தஃப்தரில் இடமில்லாவிட்டால் தனி முத்திரைத்தாளில் எழுதுங்கள். மணமகன், மணமகள், வலீ, சாட்சிகள் கையெழுத்திடட்டும். பெண்ணிடம் ஒரு பிரதி, மாப்பிள்ளையிடம் ஒன்று, ஜமாஅத்தில் ஒன்று. 2009-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அரசுப் பதிவையும் செய்து விடுங்கள். முத்தவல்லிமார்களே, இமாம்களே, அடுத்த நிக்காஹ்விலேயே தொடங்குங்கள். மாப்பிள்ளையாகப் போகும் தம்பி! பெண் வீட்டார் கேட்கும் வரை காத்திருக்காதே. தாளை நீயே கொண்டு போ. தன் வாக்கைக் காப்பாற்ற நினைப்பவனுக்கு அதை எழுதித் தருவதில் என்ன பயம்?