கிடைக்காத விடைக்கும் மதிப்புண்டு

எங்கள் பௌதிகவியல் செய்முறைக் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தால், எல்லா ஊசல்களும் ஒரே ஒழுங்கில் ஆடியதாகத் தோன்றும். புவியீர்ப்பு ஆர்முடுகல் அனைவருக்கும் 9.8 இற்குக் கிட்டவே வந்திருக்கும். வாசிப்பு விலகினால் அதை அழித்துவிட்டு "சரியான" எண்ணை எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் அறிவியலுக்கே எதிரானது என்பது என் கருத்து. சார்மோனியத்தைத் தேடிய கதை அதற்கு நல்ல சான்று.

சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் பிணைந்து உருவாகும் துணிக்கைகளின் குடும்பமே சார்மோனியம். ஐதரசன் அணுவுக்குப் பல சக்தி மட்டங்கள் இருப்பது போல இதற்கும் பல நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் தனித் திணிவு உண்டு. முதலில் அகப்பட்டது ஜே/சை. புரோத்தனின் திணிவைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகமான திணிவுடையது. 1974 நவம்பரில், அமெரிக்காவின் புரூக்ஹேவனில் சாமுவேல் டிங் குழுவினரும் ஸ்டான்போர்டில் பேர்ட்டன் ரிக்டர் குழுவினரும் தனித்தனியே கண்டு அதனை அறிவித்தனர். 1976இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டிங்கின் குழுவில் ஹொங்கொங்கில் பிறந்த சோ லான் வூ என்ற பெண்மணியும் இருந்தார் என்பதை மாணவிகள் அறிந்துகொள்வது நல்லது.

எல்லா நிலைகளும் இவ்வளவு தெளிவாக வெளிப்படவில்லை. ஈட்டா-சி 2எஸ் என்னும் நிலையை 3594 மெகா இலத்திரன்வோல்ற்றில் கண்டதாக 1982இல் கிறிஸ்டல் போல் குழு அறிவித்தது. பின்னர் பெர்மி ஆய்வுகூடத்தில் புரோத்தன்களையும் எதிர்ப்புரோத்தன்களையும் மோதவிட்டுத் தேடியவர்களுக்கு அது தென்படவில்லை. தென்படவில்லை என்பதையே அவர்கள் தங்கள் முடிவாக வெளியிட்டார்கள். 2002இல் ஜப்பானின் பெல் குழு அந்நிலையை 3654 அளவில் கண்டது. இன்று ஏற்கப்படும் பெறுமானமோ ஏறத்தாழ 3638. கண்டுபிடித்தவர்களின் முதல் அளவீடும் பிறகு திருத்தம் பெற்றது.

முன்னோர் சொன்ன எண்ணுக்குப் பொருந்துமாறு இடையில் தேடியவர்கள் தங்கள் தரவுகளை வளைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பிழையான எண்ணே பாடநூல்களில் நிலைத்திருக்கும்.

"உண்மையை எழுதினால் புள்ளி குறையுமே" என்று தோழியர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: விடைக்கு மட்டுமன்றி, விலகலுக்கான விளக்கத்துக்கும் புள்ளி கொடுங்கள். நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளந்தாளா, அலைவுகளை எண்ணுவதில் தவறினாளா, வீச்சம் பெரிதாகிவிட்டதா என்று தேடும் மாணவி, 9.8 ஐப் பார்த்து எழுதுபவளைவிட அதிகம் கற்கிறாள்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. "விடை வரவில்லை" என்று மகள் சொன்னால் "ஏன் வரவில்லை?" என்று அதட்டாமல், "நீ என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். கண்டதைக் கண்டபடி சொல்வதும் ஓர் அமானிதம்தான். பொருளில் மட்டுமல்ல, வாசிப்பிலும் அதனைப் பேணுவோம்.