கடனை எழுதுகிறோம், மணவிலக்கை ஏன் எழுதுவதில்லை?



ஆவடியில் ஒரு சகோதரியை எண்ணிப் பாருங்கள். மணமுறிவு ஏற்பட்டு, இத்தா முடிந்து, மறுமணமும் நல்லபடியாக நடந்துவிட்டது. புதிய கணவருக்குப் பிரிட்டனில் வேலை. குடும்ப விசாவுக்கு விண்ணப்பித்ததும், முந்தைய திருமணம் முடிந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். அவரிடம் இருப்பவை இரண்டே தாள்கள். ஒன்று, முன்னாள் கணவர் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய அரபு நீதிமன்றத் தாளின் படம். மற்றொன்று, மஹல்லா ஜமாஅத் எழுதித் தந்த நான்கு வரிக் கடிதம். இரண்டும் போதாது என்று பதில் வருகிறது.

உடனே நம்மில் பலர், "இது ஷரீஅத்துக்கு எதிரான சதி" என்று முழங்குகிறோம். இந்த முழக்கம் நம் அலட்சியத்தை மறைக்கும் திரை என்பதே என் குற்றச்சாட்டு.

2017 ஜனவரியில், வழக்கறிஞரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்து மட்டுமே, அது நீதிமன்றங்களையும் அரசு அலுவலகங்களையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. இது புதிதாக முளைத்த சட்டமன்று. காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது என்று 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமே சொல்லிவிட்டது. தனியார் ஷரீஅத் கவுன்சில்கள் தரும் குலா சான்றிதழும் செல்லாது, பெண்கள் குடும்ப நல நீதிமன்றத்தை நாடலாம் என்று 2023இல் அதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவுக்குப் பின்னும் பழைய படிவத்தையே நிரப்பிக் கொடுத்தால் குற்றம் யாருடையது?

ஒரே மூச்சில் சொன்ன முத்தலாக்கை "தலாக் ஆகிவிட்டது" என்று எழுதித் தரும் கடிதம் இன்னும் மோசமானது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தலாக் செல்லாது. சொன்னவருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. மணவிலக்குக்கு ஆதாரம் என்று நினைத்து நாம் கொடுப்பது ஒரு குற்றத்துக்கான சாட்சியம்!

வெளிநாட்டுத் தீர்ப்பு என்றாலே செல்லும் என்பதும் தவறு. மனைவிக்கு முறையான அறிவிப்பே இல்லாமல், அவர் தரப்பைக் கேளாமல் பெற்ற தீர்ப்பை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி நம் நீதிமன்றங்கள் ஏற்க மறுக்கலாம். பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டமும், உரிய நடைமுறை வழியே வந்த மணவிலக்கையும் வாய்மொழியால் மட்டும் நிகழ்ந்ததையும் வெவ்வேறாகவே பார்க்கிறது; பின்னதற்கு நிபந்தனைகள் கடுமையானவை.

"நீதிமன்றம் என்றால் வருடக்கணக்கில் அலைச்சல், ஜமாஅத்தில் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்" என்பார்கள். அந்த அலைச்சல் உண்மைதான். ஆனால் ஒரு வாரத்தில் முடித்ததாக நாம் நினைப்பதை, பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெண் தனியாகச் சுமக்கிறாள். தேடிப்போனால் முன்னாள் கணவரின் முகவரியும் கிடைக்காது, அன்று சாட்சியாக நின்றவர்களும் இருக்க மாட்டார்கள்.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் (2:282) திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. மணவிலக்குக்கு நேர்மையான இருவரைச் சாட்சியாக்குமாறு அத்தலாக் அத்தியாயம் (65:2) கட்டளையிடுகிறது. இத்தா முடிந்த பெண்கள் மறுமணம் செய்வதைத் தடுக்காதீர்கள் என்கிறது 2:232. திருப்பித் தந்த நகையைப் பவுன் கணக்கில் எழுதி வாங்கும் நாம், ஒரு பெண்ணின் விடுதலையை அரைகுறைத் தாளில் விடுவது அந்தத் தடையின் இன்னொரு வடிவம் அல்லவா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஜமாஅத் நிர்வாகிகளே! மார்க்கப்படி பிரித்து வைப்பதோடு உங்கள் பொறுப்பு முடிவதில்லை. சாட்சிகளின் பெயர், முகவரி, தேதியோடு தஃப்தரில் பதியுங்கள். இருவரும் ஊரில் இருக்கும்போதே குடும்ப நல நீதிமன்றத்தில் மணநிலை குறித்த தீர்ப்பைப் பெறச் செய்யுங்கள். வளைகுடாவில் தீர்ப்பு வாங்கியவரிடம், அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையிட்ட அசலையும் சான்றளித்த மொழிபெயர்ப்பையும் மனைவியிடம் ஒப்படைத்த பிறகே கணக்கை முடியுங்கள்.

பிரிவையும் அழகிய முறையில் நிறைவேற்றும் சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.