எட்டு பத்தியோடு நின்றுபோகும் ஸ்கிரிப்ட்

அட்டவணையில் எத்தனை பத்தி இருக்கிறது என்பதை ஸ்கிரிப்டுக்குள் கையால் எழுதி வைக்கிறவர்களை இன்றைக்கு ஒரு பிடி பிடிக்கலாம் என்றிருக்கிறேன். கணினித்துறை அண்ணன்மார்கள் "பி.காம் படிக்கிற பிள்ளைக்கு கிராஃப் போடும் ஸ்கிரிப்டில் என்ன வேலை" என்று கேட்கலாம். பத்தி பிரித்து எழுதுவதே எங்கள் பிழைப்புதான் சாமிகளா. பிளஸ் ஒன்னில் முப்பத்தி ரொக்க ஏடு போட்டவர்களுக்கு இந்த விஷயத்தில் வாயைத் திறக்க முழு உரிமை உண்டு.

விஷயம் ரொம்ப எளிது. ஒரு கோப்பு. முதல் பத்தியில் ஆண்டு. அடுத்தடுத்த பத்திகளில் எண்கள். ஒவ்வொரு பத்தியும் கிராஃபில் ஒரு கோடாக வர வேண்டும். நம் ஆட்கள் எழுதும் ஸ்கிரிப்ட் எப்படி இருக்கும் என்றால், "ஒன்றை வைத்து இரண்டை வரை, ஒன்றை வைத்து மூன்றை வரை, ஒன்றை வைத்து நான்கை வரை..." என்று கோயில் கல்வெட்டு மாதிரி ஒன்பது வரை நீளும். கேட்டால், "எட்டு கோடுதானே, புதுசா பத்தி வந்தா அப்ப மாத்திக்கலாம்" என்பார்கள்.

மாற்ற மாட்டார்கள். எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார். அடுத்து வந்தவர் ஸ்கிரிப்டைத் திறந்துகூடப் பார்க்காமல் மாதாமாதம் ஓட்டிக்கொண்டிருப்பார். பத்தாவது பத்தி வந்த அன்று ஸ்கிரிப்ட் பிழைச்செய்தி கொடுத்து நின்றாலாவது யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அதுதான் நடக்காதே! படம் அழகாக வரும். எட்டு கோடும் எட்டு நிறத்தில் பளபளவென்று இருக்கும். ஒன்பதாவது ஆள் இல்லை என்பது, அந்த ஆளைத் தேடுகிறவருக்குத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற கதை இல்லை. எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985ல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது வந்தது விருதுநகர் மாவட்டம் (அப்போது காமராஜர் மாவட்டம்). 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 8 வட்டங்கள்: அருப்புக்கோட்டை, காரியாபட்டி, சாத்தூர், சிவகாசி, திருச்சுழி, ராஜபாளையம், விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர். இன்றைக்கு 10. அதற்குப் பிறகு வந்த இரண்டு, வத்திராயிருப்பும் வெம்பக்கோட்டையும்.

2011ல் ஒருவர் வட்டவாரியாக ஒரு கிராஃப் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் அதில் 2 முதல் 9 வரை என்று இருந்திருக்கும். புதிதாக வந்த வட்டங்களைக் கோப்பில் கடைசியில் சேர்ப்பதுதான் மனித இயல்பு. ஆக, 10, 11ஆம் பத்திகள். படத்தில் காணாமல் போவது எது என்று பாருங்கள். மழை அளவு என்றால் மேற்குமலை அடிவாரத்து வத்திராயிருப்பு. பட்டாசு என்றால் வெம்பக்கோட்டை! (அகழாய்வு வந்த பிறகுதான் வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பேர் தெரிந்தது. எங்களுக்கு அந்தப் பேர் பெரும்பாலும் வேறு மாதிரிச் செய்திகளில்தான் பழக்கம்.)

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம், 20 பேருக்கு மேல். 2024 பிப்ரவரி 17, வெம்பக்கோட்டை பக்கம் ராமுத்தேவன்பட்டி, 10 பேர். அதே ஆண்டு மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இதெல்லாம் பெரிய செய்தியானவை மட்டும். மருந்து கலக்கும் அறையில் ஒருவர் இருவராகப் போனவர்களுக்கு மாவட்டப் பக்கத்தில் நாலு வரிதான். இவற்றையெல்லாம் ஆண்டுவாரியாக, வட்டவாரியாக யாராவது உட்கார்ந்து தொகுத்து, பழைய எட்டுக் கோட்டு ஸ்கிரிப்டில் ஓட்டினால் என்ன ஆகும்? வெம்பக்கோட்டையில் செத்தவர்கள் படத்தில் சாகவே இல்லை. மாவட்டத்தில் விபத்து குறைந்துவிட்டது என்று ஒரு கோடு கீழே இறங்கும். அதை வைத்து ஒருவர் மேடையில் பேசுவார். இன்னொருவர் கை தட்டுவார். யாரும் பொய் சொல்லவில்லை. 9 என்ற ஓர் எண் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

மாநிலத்துக்கும் இதே கதைதான். 2019 தொடக்கத்தில் 32 மாவட்டம். கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், பிறகு 2020ல் மயிலாடுதுறை என்று 38. "பத்தி எங்கே மாறப் போகிறது" என்பவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது :-)

சரி, செய்வது அவ்வளவு கஷ்டமா? ஒரு காலத்தில் கொஞ்சம் கஷ்டம்தான். கினூப்ளாட் 1986லிருந்து இருக்கும் மென்பொருள். அதில் பல வருடங்களுக்கு ஒரே கட்டளையில் பத்திகளைச் சுற்றி வர வழி இல்லை. பெர்லிலோ ஆக்கிலோ இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதி, அது முதல் வரியில் எத்தனை பத்தி என்று எண்ணி, அதற்கேற்ப வரையும் கட்டளையைத் தயாரித்துக் கொடுக்கும். 2010ல் 4.4 பதிப்போடு அந்தச் சாக்கும் போயிற்று. "ஃபார்" என்று போட்டு 2 முதல் இத்தனை வரை என்றால் அதுவே சுற்றி வரும். இப்போதைய பதிப்புகளில் "இத்தனை" என்ற எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் பத்தி தீரும்வரை போகும். கோட்டின் பெயரை முதல் வரியின் தலைப்பிலிருந்தே எடுத்துக்கொள் என்றும் சொல்லலாம். மொத்தமே ஒரு வரி. பைதானில் பாண்டாஸ் வைத்திருப்பவர்களுக்கு அதுகூட வேண்டாம், "வரை" என்று சொன்னாலே எண் உள்ள எல்லாப் பத்தியையும் வரைந்துவிடும். எக்ஸெல்காரர்கள் தரவை "டேபிள்" ஆக்கிவிட்டு சார்ட் போட்டால் பக்கத்தில் புதுப் பத்தி சேரும்போது சார்ட்டும் சேர்ந்து விரியும். கல்லூரி லேபில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்குக் கொடுத்த பயிற்சி அட்டவணைகள் எல்லாமே நான்கு பத்தி, ஐந்து வரி. பரீட்சைக்குப் போதும். வெளியே வந்தால் போதாது.

பெயரைத் தலைப்பிலிருந்து எடுப்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பத்தி கூடுவது மட்டும் பிரச்சனை இல்லை, குறைவதும் பிரச்சனை. பட்டாசுக் கடை விற்பனைக் கோப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்கு சக்கரம், சரவெடி, லட்சுமி வெடி என்று வரிசை. 2018 அக்டோபர் 23ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி தயாரிக்கவும் கூடாது விற்கவும் கூடாது. கடைக்காரர் என்ன செய்வார்? அடுத்த வருடக் கோப்பில் சரவெடிப் பத்தியையே எடுத்துவிடுவார். ஸ்கிரிப்டில் "ஐந்தாவது கட்டம் சரவெடி" என்று கையால் எழுதியிருந்தால் லட்சுமி வெடியின் எண் இப்போது சரவெடி என்ற பெயரில் வந்து நிற்கும். தடை செய்யப்பட்ட சரக்கை அவர் அமோகமாக விற்பதாக அவருடைய படமே சாட்சி சொல்லும். அதிகாரி கையில் அந்தப் படம் கிடைத்தால் மனிதர் கதி?

இங்கே ஒரு எதிர்க்கட்சி உண்டு, அவர்களையும் பார்த்துவிடலாம். "பத்தி எண்ணிக்கையைக் கட்டிப் போடுவதுதான் பாதுகாப்பு, எது வந்தாலும் வரைவேன் என்றால் குப்பையையும் வரைவாய்" என்பார்கள். பாதி நியாயம் இருக்கிறது. கோப்பின் கடைசியில் "மொத்தம்" என்று ஒரு பத்தி இருந்தால், நட்சத்திரக் குறி அதையும் வரைந்து வைக்கும். மொத்தம் மேலே வானத்தில் ஒரு கோடாகப் போக, மற்றதெல்லாம் தரையோடு படுத்துக் கிடக்கும். இன்னொன்று நிறம். கினூப்ளாட்டின் 5ஆம் பதிப்பிலிருந்து இயல்பாக எட்டே நிறம்தான். ஒன்பதாவது கோடு மறுபடி முதல் நிறத்தில் வரும். எங்கள் பத்து வட்டத்தைப் போட்டால் வத்திராயிருப்பும் அருப்புக்கோட்டையும் ஒரே நிறம். யார் எவர் என்று தெரியாது.

ஆனால் இதற்கெல்லாம் மருந்து, எண்ணைக் கட்டிப் போடுவது இல்லை. "மொத்தம்" என்ற பெயரைப் பார்த்தால் தாண்டிப் போ என்று சொல்லலாம். கோடு எட்டைத் தாண்டினால் ஒவ்வொரு வட்டத்துக்கும் தனித்தனிச் சின்னப் படமாகப் போடலாம். எண்ணைக் கட்டியே தீருவேன் என்கிறவர்கள், கோப்பில் வேறு எண்ணிக்கை இருந்தால் கத்திக்கொண்டு நின்றுவிடும்படியாவது எழுதட்டும், அவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. கட்டுகிறார்கள், காவல் போடுவதில்லை. அதுதான் கோபம்.

எங்கள் பாடத்தில் பகுத்தாய்வு சில்லறை ரொக்க ஏடு என்று ஒன்று உண்டு. மொத்தத்துக்கு ஒரு பத்தி. பிறகு தபால், எழுதுபொருள், வண்டிக் கூலி என்று செலவுக்கு ஒரு பத்தி. எதிலும் அடங்காததற்குப் பல்வகைச் செலவு. மாதக் கடைசியில் எல்லாப் பத்தியையும் கூட்டி, குறுக்காகவும் கூட்டி, மொத்தப் பத்தியோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகுதான் ஏட்டை மூட முடியும். ஒரு பத்தியை விட்டுவிட்டால் கணக்கு இடிக்கும், அங்கேயே பிடிபடுவீர்கள். பேனாவும் ஸ்கேலும் வைத்து ஒரு குமாஸ்தா செய்யும் இந்தச் சோதனையை, நொடியில் லட்சம் கூட்டல் போடும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஏன் செய்வதில்லை? வரைந்த பத்திகளின் கூட்டலும் கோப்பில் உள்ள மொத்தமும் ஒன்றா என்று பார்க்க இரண்டு வரி. வெம்பக்கோட்டை விட்டுப் போயிருந்தால் அந்த இரண்டு வரி காட்டிக் கொடுத்துவிடும்.

காலிக் கட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. கினூப்ளாட் இயல்பாக இடைவெளியை வைத்துத்தான் பத்தி பிரிக்கும். எத்தனை இடைவெளி இருந்தாலும் ஒன்றாகத்தான் எண்ணும். சாத்தூர் கட்டத்தைக் காலியாக விட்டால் சிவகாசியின் எண் சாத்தூர் பெயருக்குப் போய்விடும். காற்புள்ளி வைத்துப் பிரித்து, அதைக் கினூப்ளாட்டுக்கும் சொல்லிவிட வேண்டும். காலியை 0 என்று நிரப்புகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். விபத்து இல்லை என்பது 0. விவரம் கிடைக்கவில்லை என்பது 0 இல்லை. அந்த வட்டமே அப்போது இல்லை என்பது நிச்சயமாக 0 இல்லை.

அந்தக் கடைசி விஷயத்தில் நட்சத்திரக் குறியும் கைகொடுக்காது. வத்திராயிருப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்திலிருந்து பிரிந்தது. பிரிந்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோடு தானாகச் சரியும், எந்த எண்ணைப் போட்டாலும் சரியும். வெம்பக்கோட்டைக்கு ஊர்களைக் கொடுத்த வட்டங்களின் விபத்துக் கோடும் அப்படியே. ஒரு பயர் ஆபீஸில்கூட ஒரு மணல் வாளி அதிகமாக வைத்திருக்க மாட்டார்கள், ஒரு அறையில்கூட ஆள் குறைந்திருக்க மாட்டார்கள், கோடு மட்டும் இறங்கும். இதற்கு வழி, வட்டம் பிரிந்த ஆண்டில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்து "இங்கே எல்லை மாறியது" என்று பக்கத்தில் எழுதுவது. அதோடு பழைய எல்லைப்படி கூட்டிய ஒரு கோட்டையும் மெல்லியதாகப் போடுவது. கினூப்ளாட்டில் அம்புக்குறிக்கு ஒரு வரி, எழுத்துக்கு ஒரு வரி.