வாக்கில்லாத பதிவேடு

ஆசிரியர் தகுதி விதிகளைப் பற்றிச் சக இதழொன்றில் அண்மையில் வெளியான நீண்ட கட்டுரையை, நடையின் தெளிவுக்காகவும் எழுதியவருடைய படிப்பின் விஸ்தாரத்துக்காகவும் இருமுறை வாசித்தோம். வாசித்த பின்னர், அதன் முடிவில் நிலைநாட்டப்பட்டிருக்கும் ஒரு வாதத்துக்கு மறுப்பு எழுதாமல் இந்த இதழை அச்சுக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை. வரைவு விதிகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டுப் பொதுமக்களின் அபிப்பிராயம் கோரப்பட்ட காலத்தில் வாய் திறவாதிருந்த ஆசிரியர்கள், அவை அமலுக்கு வந்த பிறகு முறையிடும் அருகதையை இழந்துவிட்டார்கள் என்பது அந்த வாதம். தகுதித் தேர்வெழுத அஞ்சுகிறவர் வகுப்பறைக்கு லாயக்கற்றவர் என்றும் அக்கட்டுரை சொல்கிறது. அதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

தேர்வெழுதித் தேறியே ஒருவர் உபாத்தியாயராக வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. பாரதிதாசன் தமிழ்ப் புலமைத் தேர்வில் சிறந்து தேறித்தான் 1909ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசின் ஆசிரியராகக் காரைக்கால் பக்கம் நிரவிக்குப் போனார். 1946 வரை அந்தத் தொழிலில் நிலைத்தார். ஆனால் வாசலில் வைக்கும் தேர்வு வேறு, வீட்டுக்குள் இருபது ஆண்டு வாழ்ந்தவரை வெளியே வரச்சொல்லி வைக்கும் தேர்வு வேறு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கை, அதற்கு முன் முறைப்படி நியமனம் பெற்றிருந்தவர்களுக்குத் தகுதித் தேர்விலிருந்து விலக்களித்திருந்தது. அந்த விலக்கை அரசின் வாக்குறுதியாகவே கொண்டு பணிசெய்தவர்களுக்கு, 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் எஞ்சியிருந்தால் இரண்டாண்டுக்குள் தேறியாக வேண்டும், இல்லையேல் பணி நீங்க வேண்டும் என்று விதித்துவிட்டது. ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர் தேறாமலே தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. தேர்வே ஆசிரியரின் ஞானத்தை அளந்துவிடும் பிரமாணம் என்போர் 2012ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் அவ்வாண்டு ஜூலையில் ஒன்றரை மணி நேரத்தில் 150 வினாக்களுக்கு விடையளிக்கச் சொன்னபோது எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை; அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு வைத்தபோது தேறியோர் தொகை பன்மடங்காயிற்று. இடைப்பட்ட மூன்று மாதத்தில் அவர்களுடைய ஞானம் பன்மடங்கு வளர்ந்துவிடவில்லை.

இனி, அபிப்பிராயம் கோருவது என்ற சடங்குக்கு வருவோம். முன்கூட்டியே வெளியிட்ட பின்னரே விதி செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம் பணிக்குமானால், எப்படி வெளியிடுவது என்பதை 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் தன் 23ஆம் பிரிவில் சொல்கிறது. வரைவை வெளியிட வேண்டும். இன்ன தேதிக்குமேல் அது பரிசீலிக்கப்படும் என்று அறிவிக்க வேண்டும். வந்த ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கருத்தில் கொள்ள வேண்டும். கொண்ட கருத்து என்ன, தள்ளியது எது, ஏன் தள்ளினோம் என்று பதில் சொல்லும் கடமையை அந்தப் பிரிவு எவர்மீதும் சுமத்தவில்லை. பிரஜைக்குப் பதில் சொல்லும் வழக்கமில்லாத ஒரு சாம்ராஜ்யம் இயற்றிய சட்டம் அது. சாம்ராஜ்யம் போன பிறகும் அதன் இந்தக் குணம் போகவில்லை. 2014ஆம் ஆண்டு மத்திய அரசே வகுத்த கொள்கையொன்று, சட்ட வரைவுகளை முப்பது நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சாரத்தையும் வெளியிட வேண்டும் என்கிறது. நல்ல கொள்கைதான், மீறினால் எந்த வரைவும் செல்லாதென்று சொல்லும் வலு அதற்கு இல்லை.

கேட்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களின் அங்கீகாரத்தையும் ஓராண்டு பி.எட். படிப்பின் மறுவரவையும் பற்றிய வரைவு ஒழுங்குமுறையைக் குழுமம் 2025 பிப்ரவரியில் வெளியிட்டுச் சில வாரங்கள் அவகாசம் தந்தது. அந்த வாரங்களில்தான் புதுச்சேரியின் அரசுப் பள்ளிகள், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பின் தம் முதல் பொதுத்தேர்வை நடத்திக்கொண்டிருந்தன. புதிய பாடத்தைத் தாமே கற்றுக்கொண்டு கற்பித்த ஆசிரியர்கள், அதன் முதல் பலனை எதிர்நோக்கித் தேர்வறைகளில் நின்றுகொண்டிருந்த அந்த நாள்களில், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளிவரும் மத்திய அரசிதழின் உட்பிரிவுகளைப் பிரித்துப் பார்த்து ஆட்சேபம் எழுதவில்லை என்பதைச் சம்மதமாகக் கொள்வது எந்த நியாயத்தில் சேரும்? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்த 2020ஆம் ஆண்டில், அதை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகள் அனைத்திலும் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, அந்த ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது மத்திய அரசு. இந்தியக் குடியரசோடு புதுச்சேரியைச் சேர்த்த 1956 ஒப்பந்தம்கூட, மக்களின் பிரதிநிதிகள் வேறு விதமாகத் தீர்மானிக்கும்வரை பிரெஞ்சே இங்கு ஆட்சிமொழியாக இருக்கும் என்று தன் 28ஆம் விதியில் எழுதிவைத்தது. ஒரு பிரதேசத்து மக்களிடம் எந்த மொழியில் பேசுவது என்பதை அவர்களுடைய பிரதிநிதிகளே முடிவுசெய்யட்டும் என்ற மரியாதை, போகிறவனுக்கும் வருகிறவனுக்கும் அன்று இருந்தது.

தகுதி என்பதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நமக்கு 1880ஆம் ஆண்டின் கும்பகோணம் நினைவுக்கு வருகிறது. அங்குள்ள கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெறும் தறுவாயில், திருவாவடுதுறை மடத்தில் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்த உ.வே. சாமிநாத ஐயரைத் தம் இடத்துக்கு அழைத்துவந்தார். பட்டமில்லை, சான்றிதழில்லை. கல்லூரி ஆசிரியர்கள் கூடியிருந்து செய்யுளைப் படிக்கச் சொன்னார்கள், பொருள் சொல்லச் சொன்னார்கள், குறுக்கே கேள்வி கேட்டார்கள், கேட்டுத் திருப்தியுற்றார்கள். அவரைப் பரீட்சித்தவர்கள் அதே தொழிலில் இருந்தவர்கள். பரீட்சித்தவர்களின் முகத்தை அவர் பார்க்க முடிந்தது. வத்வானில் வழக்கறிஞராக இருந்த குழந்தைக் கல்வியாளர் கிஜுபாய் 1916இல் பாவ்நகர் தட்சிணாமூர்த்தி கல்விநிலையத்தில் சேர்ந்தபோது தகுதிபெற்ற ஆசிரியர்களின் எந்தப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது? அவருடைய 'பகல் கனவு' தமிழில் வந்ததிலிருந்து அதைக் கையில் எடுக்காத ஆசிரியர் கூட்டமொன்று இங்கே நடந்ததாக நமக்கு நினைவில்லை. டச்சு தெரியாமலே லூவேனில் டச்சு பேசும் மாணவருக்குப் பாடம் நடத்திய பிரெஞ்சு ஆசிரியர் ழாக்கோத்தோவையும் இங்கே நினைக்கலாம். கல்வியமைப்பை விமர்சித்த இல்லிச்சையும் ஃபிரெய்ரேயையும் வைத்து எழுபதுகளின் பிள்ளைகள் செய்த விவாதங்களின் மிச்சத்தில்தான் இந்த இதழ் போன்றவை இன்றும் உயிர்த்திருக்கின்றன. பதிவேட்டை முற்றாக நிராகரித்த அந்த நாள்களின் ஆவேசத்தில் ஒரு பகுதி இன்றைக்கும் நமக்குச் சரியாகவே படுகிறது. ஆயினும் ஏழைப் பிள்ளைக்குக் கிடைப்பவர் யாராயினும் போதும் என்ற அலட்சியத்துக்கு அந்தத் தத்துவம் துணைபோகக் கூடாதென்பதால், பதிவேடு வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அதை யார் எழுதுவது?

வழக்கறிஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டின் சட்டப்படி மாநில பார் கவுன்சிலின் உறுப்பினர்களை வழக்கறிஞர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டியலில் பெயர் சேர்ப்பதும், ஒழுக்கம் தவறியவரை விசாரிப்பதும் அந்தக் கவுன்சிலின் அதிகாரம். 1993ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தில் ஆசிரியர்கள் வாக்களித்து நிரப்பும் ஆசனம் ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் எவரேனும் அதில் அமர்ந்தால் மத்திய அரசு நியமித்தே அமர வேண்டும். நாம் சொல்லவந்தது இந்த ஒன்றைத்தான். வாக்குரிமை இருக்க வேண்டிய இடத்தில் அபிப்பிராயப் படிவத்தை வைத்திருக்கிறார்கள். வாக்களிக்காதவனைக் குறைசொல்லலாம், வாக்கே கொடுக்கப்படாதவன் படிவத்தை நிரப்பவில்லை என்று குறைசொல்வதற்கு நம் சகோதர இதழாளருக்கு என்ன அதிகாரம்?

புதுச்சேரி இந்தியாவோடு இணைவதா என்பதை முடிவுசெய்ய 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. அந்த எட்டுப் பேரின் பக்கம் நியாயம் இருந்ததா என்பது வேறு விசாரணை. அவர்கள் எண்ணப்பட்டார்கள், புதுச்சேரியின் சரித்திரத்தை எழுதும் எவரும் அந்த எட்டை விட்டுவிட முடியாது. 2021இல் ஆசிரியருக்கான தேசியத் தொழில்முறைத் தரங்களின் வரைவுக்குக் கருத்துக் கேட்டார்களே, எதிர்த்தவர் எத்தனை பேர் என்று தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ எந்த ஆசிரியருக்கு யார் சொன்னார்கள்? அற்பமான ஆவணமன்று அது. பதவி உயர்வும் ஊதிய உயர்வும் பணிமூப்பினால் அல்லாமல் மதிப்பீட்டினால் மட்டுமே என்று 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்த மதிப்பீட்டின் அளவுகோல்தான் அந்தத் தரங்கள். ஒரு பெண், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாகூருக்கோ திருக்கனூருக்கோ பஸ்ஸேறிப் போய்ப் படிப்பிக்கிறவள், தன் பிற்காலம் முழுவதையும் நிர்ணயிக்கும் அந்த அளவுகோலை யார் செதுக்கினார்கள் என்பதை அறியமாட்டாள்.

புதுச்சேரியின் இந்த முதலியார்பேட்டையில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் நமக்கு ஒரு பொறுப்பும் இருக்கிறது. எட்டு மணி நேர வேலை இந்த ஊருக்கு எப்படி வந்தது என்பது ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தெரியும். 1936 ஜூலை 30 அன்று அத்தொழிலாளர்களில் பன்னிருவர் சுடப்பட்டு இறந்தார்கள். மறு ஆண்டுதான் சட்டம் வந்தது. ஆலைகளின் சங்கு ஓய்ந்துவிட்டது. சங்கம் வைத்து எதிரே உட்கார்ந்து பேசும் வழக்கத்தை அத்தொழிலாளர்கள்தான் இந்த ஊருக்குக் கற்பித்தார்கள்; அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய பலர் இன்று பள்ளி ஆசிரியர்கள். ஆசிரியர் சங்கங்கள் ஊதியத்துக்கும் இடமாற்றத்துக்கும் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கை, குழுமத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கைக்குக் காட்டினால், அடுத்த வரைவு வரும்போது படிவத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியிராது. தீர்ப்பின்மீது மறுசீராய்வு மனுக்கள் போகட்டும். அவற்றின் முடிவு எதுவாயினும் இந்தக் கோரிக்கை நிற்கும்.

அடுத்த இதழில் 2010 அறிவிக்கையையும் 2025 வரைவு ஒழுங்குமுறையின் முக்கியமான உட்பிரிவுகளையும் தமிழில் வெளியிடுகிறோம். பக்கங்கள் போதாமையால் கவிதைகளும் புத்தக மதிப்புரைகளும் அதற்கடுத்த இதழுக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. ஆசிரியர்கள் எழுதும் ஆட்சேபங்கள், பெயர் வேண்டாம் என்பவர்களுடையவை பெயரில்லாமலே, சுருக்கப்படாமல் அச்சிடப்படும்; அபிப்பிராயம் கோரப்பட்ட காலம் முடிந்துவிட்டது என்ற காரணத்தால் எதுவும் திருப்பி அனுப்பப்படமாட்டாது. சக இதழின் கட்டுரையாளர் பதிலெழுத விரும்பினால் அவருக்கும் அதே இடம் உண்டு.