தூரம் ஒன்று, நேரம் வேறு

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகருக்கும் லண்டனுக்கும் இடையே ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் தூரம் உண்டு. 1947 டிசம்பரில் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்கு விமானம் விட்டபோது, டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிப்போலி என ஆறு ஊர்களில் இறங்கிச் செல்ல நான்கு நாட்கள் பிடித்தன. 2018 மார்ச்சில் அதே நிறுவனத்தின் விமானம் பெர்த்தில் புறப்பட்டு, எங்கும் இறங்காமல், சுமார் 17 மணி நேரத்தில் லண்டனை அடைந்தது. தாய் நோயுற்றாள் என்ற செய்தி கேட்டுப் புறப்படும் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இத்தூரத்தை எவ்வாறு அளக்கிறார்கள்? சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இவ்விரு நகர்களையும் கோடிட்டு இணைத்தால், அக்கோடு அரபிக் கடலின் நடுவே செல்லும். ஆனால் பூமி உருண்டை அன்றோ! பிள்ளைகளின் பூகோள உருண்டையில் ஒரு நூலை இறுகப் பிடித்துப் பாருங்கள். அந்நூல் இலங்கையையும் நமது மதுரைப் பகுதியையும் தொட்டுச் செல்லும். அதுவே மிகக் குறுகிய வழி.

எனினும், தூரத்தை வேகத்தால் வகுத்துப் பயண நேரத்தைக் கண்டுவிட இயலாது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமெனக் கொண்டால் 16 மணி நேரமே வரும். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் தனி. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று, லண்டன் செல்லும் விமானத்தைத் தடுக்கிறது. திரும்பி வரும் விமானத்தை உந்துகிறது. ஆதலால் திரும்பும் பயணம் சற்றுக் குறுகியது. 2024 ஏப்ரலில் மேற்காசியப் பதற்றத்தால் சில நாடுகளின் வான்வெளியைத் தவிர்க்க நேர்ந்தபோது, லண்டன் செல்லும் விமானம் எரிபொருளுக்காகச் சிங்கப்பூரில் இறங்கிச் செல்ல வேண்டியதாயிற்று.

கடிகாரமும் நம்மை ஏமாற்றும். குளிர்காலத்தில் பெர்த்தின் நேரம் லண்டனைவிட 8 மணி முந்தியது. மாலை 7 மணிக்குப் பெர்த்தில் ஏறுபவர் மறுநாள் அதிகாலை 4 மணிக்கு லண்டனில் இறங்குவார். பயணச்சீட்டைப் பார்ப்பவர் ஒன்பது மணி நேரப் பயணமென்றே எண்ணுவார். உண்மையிலோ 17 மணி நேரம்! நண்பகலில் லண்டனில் ஏறுபவர் மறுநாள் பகல் 12.45 மணியளவில் பெர்த்தில் இறங்குகையில், ஒரு நாளுக்கு மேல் பறந்ததுபோலத் தோன்றும். கோடையில் லண்டன் மக்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுவதால், வேறுபாடு 7 மணியாகிவிடும்.

ஆகவே, அயல்நாட்டிலிருந்து வரும் முதியோரை எதிர்கொள்ளச் செல்வோர் கிலோமீட்டரை வகுத்துக் கொண்டிராமல், சீட்டில் குறித்த இறங்கும் நேரத்தையே கொள்வார்களாக. அது இறங்கும் ஊரின் நேரமே. தேதியையும் மறவாது பார்க்க வேண்டும். புறப்படும் முன் விமானம் தாமதமா என்பதையும் கேட்டறிதல் நன்று. நெடுநேரம் அமர்ந்து கால் வீங்கி, மொழியறியா இடத்தில் இறங்கும் ஒரு தாய்க்கு, வாயிலில் நம் முகம் தெரியாத அரைமணி நேரம், கடந்து வந்த பதினேழு மணி நேரத்தினும் நீண்டதாகும்.