எலியைத் தேடினார்களா, ஆளைத் தேடினார்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு பின்னூட்டம் போடாமல் முழுவதையும் வாசியுங்கள்.

"டெங்கு பார்க்க பி.எச்.ஐ. வந்தால் கேட்டைத் திறக்காதீர்கள், எங்கட ஜனாஸாக்களை எரித்த ஆக்கள்தானே" என்று ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு ஓடுகிறது. பகிர்பவர்களில் படித்தவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அதுதான் வெட்கம். அந்தப் பேச்சுக்கு எதிராகவும், அதைப் பிறப்பித்த சட்டத்துக்கு எதிராகவும் சேர்த்தே எழுதுகிறோம். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அது நேர்மையில்லை.

2020 ஏப்ரல் 11 வர்த்தமானி எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது தெரியுமா? 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். எமது பாட்டனார்மாரின் பாட்டனார் காலத்தது. அது பிறந்த காலத்தைப் பார்த்தால்தான் அதன் குணம் புரியும்.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் வந்தது. துறைமுகத்தை ஒட்டிய, தானியக் களஞ்சியங்கள் நிறைந்த, நெருக்கமான இடம். அடுத்த வருடமே இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம். இங்கே இலங்கையில் பிளேக் இல்லாமலே அதே வருடம் எமது கட்டளைச் சட்டம். அதாவது பயத்தில் எழுதிய சட்டங்கள் இவை. நோய் எப்படிப் பரவுகிறது என்று எவருக்கும் சரியாகத் தெரியாத நேரம். தெரியாத அதிகாரி என்ன செய்வான்? ஆளைப் பிடிப்பான். பம்பாயில் வீடு வீடாகப் புகுந்தார்கள், நோயாளியை இழுத்துக்கொண்டு போனார்கள், ரயில் நிலையத்தில் பெண்களின் உடம்பைத் தொட்டுப் பார்த்தார்கள். சனம் நோயாளியை ஒளித்தது, இலட்சக்கணக்கில் ஊரை விட்டு ஓடியது. ஓடியவர்களோடு நோயும் போனது. 1898 மார்ச்சில் முஸ்லிம் நெசவாளர்கள் வாழ்ந்த பகுதியில், நோயுற்ற ஒரு பெண்பிள்ளையைப் பரிசோதிக்க வந்தபோது கலவரம் மூண்டது. சூடு நடந்தது, உயிர்கள் போயின.

இவ்வளவும் நடந்தபோது உண்மையான குற்றவாளி எலியின் மயிருக்குள் சுகமாக இருந்தது.

அதே 1898 இல் கராச்சியில் போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைக் கடத்துகிறது என்று பரிசோதித்துக் காட்டினார். பெரியவர்கள் நம்பவில்லை. பிறகு 1905 முதல் பம்பாயில் வேலை செய்த பிளேக் ஆராய்ச்சி ஆணைக்குழுதான் அதை உறுதிப்படுத்தியது. அவர்கள் செய்த ஒரு வேலையை பிள்ளைகளுக்கு வகுப்பில் சொன்னால் கண் விரியும். தெள்ளு நிறைந்த குடிசைக்குள் கினிப்பன்றிகளைக் கூட்டில் வைத்தார்கள். சில கூடுகள் தரையில், சில தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், சில இரண்டு அடி உயரத்தில். தெள்ளு பாய்வது ஏறத்தாழ நாலு அங்குலம். இரண்டு அடியில் தொங்கியவை தப்பின. மற்றவை நோய்ப்பட்டன. காற்றில் பரவுவதாக இருந்தால் எல்லாம் ஒன்றாகச் செத்திருக்க வேண்டும் அல்லவா? நோயைத் தேடுவது என்றால் இதுதான். எவருடைய வீட்டுக் கதவையும் உடைக்கவில்லை, எவருடைய மார்க்கத்தையும் கேட்கவில்லை.

1914 ஜனவரியில் பிளேக் கொழும்புக்கு வந்தது. புறக்கோட்டையைச் சுற்றிய அரிசி வியாபாரப் பகுதிதான் அதன் களம். மாண்ட்வியில் நடந்த கதைதான்: மூட்டை, களஞ்சியம், எலி. எமது ஆக்களும் அங்கே கடை வைத்திருந்த இடம் என்பது உங்களுக்குத் தெரியும். மாநகர நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹெர்ஸ்ட் எலிகளின் மேல் இருந்த தெள்ளை எடுத்து இனம் பிரித்துப் பார்த்தார். கொழும்பில் சாதாரணமாகக் கிடைத்தது ஒரு இனம். அது பிளேக்கைக் கடத்துவதில் கெட்டிக்காரன் அல்ல. ஆபத்தான மற்ற இனம் தானியக் களஞ்சியங்களின் பக்கத்தில்தான் காணப்பட்டது. இந்தியா முழுக்கப் பரவிய நோய் இந்தத் தீவை ஏன் அப்படி விழுங்கவில்லை என்பதற்கு அது ஒரு முக்கியமான விளக்கம். ஒரு பூச்சியின் இனத்தைப் பார்க்கும் பொறுமை அன்றைய கொழும்பில் ஒருவருக்காவது இருந்தது.

106 வருடம் கழித்து அந்தப் பொறுமை எங்கே போனது? புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். உலக சுகாதார அமைப்பு புதைக்கவும் எரிக்கவும் இரண்டுக்கும் இடம் கொடுத்திருந்தது. எங்கே எலி, எங்கே தெள்ளு, எங்கே கூடு? ஒன்றும் காட்டவில்லை. 1897 இன் அதிகாரம் மட்டும் இருந்தது, 1905 இன் அறிவு இல்லை. பிறந்து 20 நாளான சிசுவையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி வந்தது, அதுவும் ஓட்டமாவடி ஒரு மூலையில். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நல்லது. ஆனால் மன்னிப்பு சட்டத்தில் ஒரு எழுத்தையும் மாற்றாது. அதே சட்டம் நாளைக்கு வேறொரு பயத்தோடு வந்தால் வேறு யாருடைய வாசலில் நிற்குமோ.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். இது சிலருக்குக் கசக்கும்.

எரித்தது டெங்கு அல்ல. 2017 இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, நூற்றுக்கணக்கானோர் மரணித்தார்கள். நுளம்பு முஸ்லிம் வீட்டுத் தாங்கியா, சிங்கள வீட்டுப் பூச்சாடியா என்று கேட்பதில்லை. கேட்டைப் பூட்டினால் பி.எச்.ஐ. வேறு வீட்டுக்குப் போவார், நுளம்பு போகாது. எமது பிள்ளைதான் காய்ச்சலோடு வார்ட்டில் கிடக்கும். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதே, அங்கிருந்து வெளியேறாதே என்று ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் கற்றுத்தந்த உம்மத்து, நோயை ஒளித்து வைப்பதற்கு மார்க்கத்தில் ஆதாரம் தேடக்கூடாது.

பம்பாயில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹாஃப்கின் பிளேக் தடுப்பூசியைச் செய்தபோது சனத்துக்குப் பயம். மூன்றாம் ஆகா கான் அப்போது இருபது வயது இளைஞர். தன் ஆக்களின் பயத்தைத் தெளிவிக்க அவர்கள் முன்னால் தானே ஊசி போட்டுக்கொண்டார், ஹாஃப்கினுடைய வேலைக்கு இடமும் கொடுத்தார். (அவருடைய கொள்கை வேறு, அது இங்கே பேச்சல்ல. கீழே வந்து அதை ஆரம்பிக்க வேண்டாம்.) வேறு வேறு சமூகத்தாரும் தங்களுக்கென்று பிளேக் மருத்துவமனைகளைத் திறந்தார்கள், முஸ்லிம்களும் அதில் இருந்தார்கள். தங்கள் ஆள், தங்கள் பாஷை, பெண்களுக்குப் பர்தா என்றவுடன் ஒளித்து வைத்த நோயாளிகள் வெளியே வந்தார்கள். கத்தியதை விட அது பலன் தந்தது.

ஆகவே எமது பள்ளிவாசல் நிர்வாகத்திடம் நாம் கேட்பது இதுதான். பி.எச்.ஐ. மாரோடு போக ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்களை நியமியுங்கள், பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு ஒரு சகோதரியும் போகட்டும். மத்ரஸாக் கூரைப் பீலியையும் ஹவ்ழையும் முதலில் நாமே பார்ப்போம். அதே கையோடு எமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: 1897 கட்டளைச் சட்டத்தின் கீழ் எந்த ஒழுங்குவிதி வந்தாலும் அதன் விஞ்ஞானக் காரணம் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும், மையித்தை அடக்கும் உரிமையை வெறும் வர்த்தமானியால் பறிக்க முடியாதபடி சட்டம் திருத்தப்பட வேண்டும். எழுத வேண்டிய வசனங்களை நாங்கள் எழுதித் தருகிறோம். கையெழுத்து வாங்க வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் ஒரு மேசை போதும்.