அழகிக்குப் பின்னால் நிற்பவர் யார்?

உப்பு வெள்ளை. வெயில் வெள்ளை. வானமும் வெளுத்துக் கிடக்கிறது.

அந்த வெள்ளைக்கு நடுவே, சிவப்புச் சேலை கட்டி ஓர் இளம்பெண் நிற்கிறார். காற்றில் முந்தானை பறக்கிறது. எதிரே ஓர் இளைஞர் முழங்காலிட்டு, காமிராவைக் கண்ணில் வைத்திருக்கிறார்.

இடம்: மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். சென்னையில் இருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள், சாலையின் பக்கத்தில் பாத்தி பாத்தியாக உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். குவித்து வைத்த உப்பு, வெள்ளைக் குன்றுகள் போல் நிற்கும்.

அந்த இளைஞருக்குப் படம் எடுப்பது தொழில் அல்ல. வாரநாளில் அவருக்கு ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை காமிரா. அந்தப் பெண்ணும் இன்னும் பெயர் பெற்ற மாடல் அல்ல. “நீங்கள் நின்று கொடுங்கள், நான் படம் தருகிறேன்” என்று பேசிக்கொண்டு வந்தவர்கள். இப்படிப் பல ஜோடிகளை இந்தக் கடற்கரைச் சாலையில் பார்க்கலாம்.

இந்த ஆசையில் தவறு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டில் மட்டுமே இருந்த காமிரா, இன்று செல்பேசியாக எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. அழகாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று நினைப்பது நல்ல ஆசைதான்.

ஆனால் அந்தப் படத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். சேலையின் சிவப்புக்குப் பின்னால், தூரத்தில், தலையில் உப்புக் கூடையுடன் ஒரு பெண் நடந்து போகிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் படத்தில் விழுந்து விட்டார்.

அவர் யார்?

காமிரா ஏமாறும் இடம்

முதலில், உப்பளத்தில் படம் எடுப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பார்ப்போம்.

வெள்ளையைப் பார்த்தால் காமிரா ஏமாந்து விடும். காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவி ஒன்று உண்டு. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளை உப்பைக் காட்டினால், “அடடா, வெளிச்சம் அதிகம்!” என்று தானாகக் குறைத்து விடும். பலன் என்ன? உப்பு அழுக்காகத் தெரியும். மாடலின் முகம் கறுத்துப் போகும்.

அனுபவசாலிகள் இதற்கு வழி சொல்வார்கள். காமிரா காட்டும் அளவை விட ஒன்று அல்லது இரண்டு படி ஒளியைக் கூட்டி வைக்க வேண்டும். அப்போதுதான் வெள்ளை வெள்ளையாக வரும்.

நடுப்பகலில் இன்னொரு தொல்லை. தலைக்கு மேல் சூரியன் நின்றால் கண்குழியில் நிழல் விழும். கீழே இருக்கும் உப்பு கண்ணாடி போல் ஒளியை மேலே அடிக்கும். முகவாய்க்குக் கீழே விளக்கு வைத்துக் குழந்தைகளைப் பயமுறுத்துவோமே, அதைப் போல முகம் மாறிவிடும். மாடலுக்கோ கண் கூசும். கண்ணை மூடச் சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித் திறக்கச் சொல்லி, அந்த ஒரு நொடியில் படத்தை எடுக்க வேண்டும்.

உப்புக் காற்றில் காமிராவும் கெடும். அங்கே லென்சைக் கழற்றி மாட்டக் கூடாது. வேலை முடிந்ததும் லேசாக ஈரமான துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

ஆகவே எல்லாரும் தேடுவது விடியற்கால வெயிலைத்தான். மரக்காணத்தில் சூரியன் கடலில் இருந்து எழுகிறது. எழுந்த முதல் ஒரு மணி நேரம் வெயில் சாய்வாகவும் மஞ்சளாகவும் விழும். பாத்தித் தண்ணீர் அசையாமல் நிற்கும். காமிராவைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தால், பெண்ணும் அவர் நிழலும் இரட்டையாக வரும். படம் பிடிப்பவர்கள் இதைப் பொன்னான நேரம் என்பார்கள்.

யாருடைய பொன்னான நேரம்?

அங்கேதான் சிக்கல் வருகிறது. அந்த நேரம் வேறு ஒருவருக்கும் பொன்னான நேரம்.

வெயில் ஏறிவிட்டால் உப்பில் நின்று வேலை செய்ய முடியாது. கண் எரியும், கால் எரியும். ஆகவே உப்பளத் தொழிலாளர்கள் விடியும் முன்பே பாத்தியில் இறங்கி விடுகிறார்கள். காமிராக்காரர் தேடி வரும் அதே மஞ்சள் வெயிலில், அவர்களுடைய வேலை மும்முரமாக நடக்கிறது.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி விட்டு, வெயிலிலும் காற்றிலும் வற்ற வைக்கிறார்கள். கடைசிப் பாத்தியில் உப்பு பூத்ததும், நீண்ட கழியில் பலகை மாட்டி அதை வாருகிறார்கள். ஆண்கள் வார, பெரும்பாலும் பெண்கள் சுமக்கிறார்கள்.

பாத்தியின் தரை சும்மா கிடைத்தது அல்ல. களிமண்ணை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய தரை அது. செருப்புக் காலோடு ஒருவர் உள்ளே இறங்கினால், சேறு கிளம்பி உப்பில் கலக்கும். வரப்பின் ஓரம் உடைந்தால், பல நாள் வற்ற வைத்த நீர் ஓடிப் போகும். படத்துக்கு அது ஒரு நிமிட வேலை. பாத்திக்காரருக்கு அது ஒரு வார உழைப்பு.

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் உப்பளம் தண்ணீரில் மூழ்கும். வேலையும் நிற்கும். வேலை இல்லாத அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் அறிவித்தது. அந்தக் கூடைக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது. படத்தில் எதுவும் தெரியாது. கூடை மட்டும் அழகாகத் தெரியும்!

பைக்குப் பெயர் உண்டு, ஆளுக்கு இல்லை

இது மரக்காணத்துச் சங்கதி மட்டும் அல்ல. நாடெங்கும் பேசப்பட்ட ஒரு நிகழ்ச்சி உண்டு.

2008 ஆகஸ்டு மாதம். ‘வோக் இந்தியா’ என்ற ஃபேஷன் பத்திரிகை 16 பக்கங்களில் படங்கள் வெளியிட்டது. அதில் நின்றவர்கள் மாடல் அழகிகள் அல்லர். சாதாரண ஏழை மக்கள்.

பல் விழுந்த பாட்டியின் கையில் ஒரு குழந்தை. அதன் கழுத்தில், உணவு ஊட்டும்போது கட்டும் துணி. விலை சுமார் 100 டாலர். செருப்பு இல்லாத ஒருவர் கையில் குடை. விலை சுமார் 200 டாலர். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்த ஓர் அம்மாவிடம் ஒரு கைப்பை. விலை 10,000 டாலருக்கு மேல்!

படத்தின் கீழே குடையைச் செய்த கம்பெனியின் பெயர் இருந்தது. பையைச் செய்த கம்பெனியின் பெயர் இருந்தது. பிடித்து நின்றவரின் பெயர் இல்லை.

பலர் கண்டித்தார்கள். ஃபேஷன் பணக்காரருக்கு மட்டும் சொந்தம் அல்ல, யாரும் அதை அழகாக அணியலாம் என்று பத்திரிகையின் தரப்பில் பதில் வந்தது. அந்தப் பதிலில் ஒரு நியாயம் உண்டு. ஏழை அழகாகத் தெரியக் கூடாதா, என்ன? ஆனால் அவர் அழகாகத் தெரிந்தார் என்றால், அவர் பெயரையும் போட்டிருக்கலாம் அல்லவா?

42 ஆண்டுக்குப் பின் கேட்ட குரல்

கடல் தாண்டி நடந்த இன்னொரு நிகழ்ச்சி இது.

1936-ல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்த காலம். கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், டாரத்தி லாங்கே என்ற பெண் புகைப்படக்காரர் ஒரு தாயைப் படம் எடுத்தார். கிழிந்த கூடாரம். தோளில் சாய்ந்த குழந்தைகள். கன்னத்தில் கை வைத்த தாய்.

பத்திரிகையில் படங்கள் வந்ததும் அந்த முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. ஒரு புகைப்படம் பலருடைய பசியைத் தீர்த்தது. ஆனால் அந்தத் தாயின் குடும்பம் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டது.

லாங்கே அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. அதை அவரே பின்னாளில் எழுதினார். உலகம் முழுவதும் அறிந்த அந்த முகம் யாருடையது என்பது 1978-ல்தான் வெளியே தெரிந்தது. பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்திச் சொன்னார்.

லாங்கே கெட்டவர் அல்லர். அரசுச் சம்பளத்தில் வேலை செய்தவர். ஏழைகளின் துன்பம் வெளியே தெரிய வேண்டும் என்று உழைத்தவர். நல்ல மனம் இருந்தும் பெயரைக் கேட்காமல் விட்டார். அந்தக் குறை 42 ஆண்டு நிலைத்தது.

சட்டம் யார் பக்கம்?

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி, படத்தின் உரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாமல், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், பணம் கொடுத்தவருக்கு. படம் எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும்.

படத்தில் நிற்பவருக்கு? வெறுமனே நின்றதனால் அந்தச் சட்டத்தில் அவருக்குப் பங்கு வருவதில்லை. முகம் அவருடையது, படம் இன்னொருவருடையது!

இது உப்பு சுமக்கும் பெண்ணுக்கு மட்டும் அல்ல, சேலை கட்டி நிற்கும் மாடலுக்கும் பொருந்தும். இன்று எடுத்த படம் நாளை எந்தக் கடை விளம்பரத்தில் தொங்குமோ, யார் கண்டார்? ஆகவே படம் எடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும். எந்தப் படம் வெளியே போகலாம், எது போகக் கூடாது, விற்றால் யாருக்கு என்ன பங்கு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாடல் தமக்கு நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். உடை மாற்ற மறைவான இடம், குடிக்கத் தண்ணீர், ஒதுங்க நிழல் மூன்றையும் முன்கூட்டியே பார்த்து வைப்பது படம் எடுப்பவரின் கடமை. மகளை அனுப்பும் பெற்றோர் இதைக் கேட்டால் அது சந்தேகம் ஆகாது. நேர்மையான காமிராக்காரர் அதற்குக் கோபப்படவும் மாட்டார்.

மதுரைக்காரர் காட்டிய வழி

வேறு விதமாகவும் படம் எடுக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு.

மதுரையைச் சேர்ந்தவர் எம். பழனி குமார். மீன் விற்கும் தாயின் மகன். 2017-ல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். கிராமத்து உழைப்பாளிகளின் கதைகளை வெளியிடும் ‘பாரி’ இணைய இதழின் புகைப்படக்காரர். ஆவணப் புகைப்படத்துக்கான தயாநிதா சிங்–பாரி விருதை 2022-ல் முதல் ஆளாகப் பெற்றவர்.

தூத்துக்குடி உப்பளத்தில் உழைக்கும் ஒரு பெண்ணைப் பற்றி ‘பாரி’ வெளியிட்ட கட்டுரைக்கு அவர்தான் படம் எடுத்தார். அதே வெள்ளை உப்பு. அதே கண்கூசும் வெயில். ஆனால் அந்தக் கட்டுரையில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது. அவருடைய வாழ்க்கை இருக்கிறது. அவர் அங்கே பின்னணி அல்ல, அவரே நாயகி.

ஃபேஷன் படம் எடுக்கிறவர் எல்லாரும் அதை விட்டுவிட்டு ஆவணப் படம் எடுக்க வேண்டும் என்பது இல்லை. சிவப்புச் சேலை பறக்கட்டும். ஆனால் பின்னால் இருப்பவரையும் ஆளாகப் பார்க்கும் அந்தக் கண், எந்தப் படம் எடுப்பவருக்கும் வேண்டும்.

கேட்டால் என்ன குறையும்?

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

முதலில், உப்பளத்தில் கால் வைக்கும் முன் பாத்திக்காரரிடம் அனுமதி கேட்பது. எந்த வரப்பில் நடக்கலாம், எங்கே இறங்கக் கூடாது என்று அவரே சொல்லுவார். உப்பு வாரி முடித்த பாத்தி எது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, வேலை செய்கிறவர் படத்தில் விழுந்தால், அவரிடம் போய்க் கேட்பது. “அம்மா, படத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளட்டுமா?” அவர் வேண்டாம் என்றால் அழித்து விடுவது.

மூன்றாவது, சரி என்றால் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது. அடுத்த முறை வரும்போது அச்சுப் போட்ட ஒரு படத்தைக் கையில் கொடுப்பது. அதற்கு ஆகும் செலவு, சென்னையில் இருந்து வந்துபோன பெட்ரோல் செலவில் ஒரு மூலைக்குக் காணாது.

கேட்டதனால் படம் கெட்டுப் போகுமா? போகாது. பேசிப் பழகியவரின் முகம் காமிராவுக்கு முன் கூசாது. ஒருவேளை அவரே, “தம்பி, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, இங்கேதான் தண்ணி அசையாம இருக்கும்” என்று இடம் காட்டவும் கூடும். உப்பளத்தின் வெளிச்சத்தை அவரைவிட அறிந்தவர் யார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காமிராவைத் தோளில் மாட்டி மரக்காணம் புறப்படும் இளைஞர்கள், வரப்பில் ஏறும் முன் செருப்பைக் கழற்றட்டும். கூடை சுமந்து வரும் அம்மாளின் பெயரைக் கேட்கட்டும். அதன் பிறகு எடுக்கட்டும் படத்தை!